டிவி பெட்டியைப் பிரித்துப் பார்க்க விமான நிலையத்தில் ஒரு மேசை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் ஆளுயர டிவி பெட்டியோடு வந்து விமான நிலையத்தில் வழியை அடைத்துக்கொள்கிறார்கள், எல்லாம் இங்கேயே தவணைக்குக் கிடைக்கும்போது எதற்கு இந்த ஆசை என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் உங்கள் பகுதியில் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்தப் பெட்டியைச் சுமந்து வருகிறவனுக்கு வழியில் என்னென்ன நடக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பட்டுக்கோட்டையில் டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, பேராவூரணி என்று எங்கள் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அதனால் அங்கே ரூமில் டிவியைத் துணி சுற்றிக் கட்டுவதையும் பார்த்திருக்கிறேன், இங்கே கடை மேசையில் அதைப் பிரிக்கும்போது சொந்தக்காரர் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் பார்க்கிறேன்.

ஏன் கொண்டுவருகிறார்கள்? முதல் காரணம், அது பெரும்பாலும் புது டிவியே கிடையாது. ஒரு ரூமில் ஆறு பேர், எட்டு பேர் தங்கியிருப்பார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு டிவி வாங்குவார்கள். வெள்ளிக்கிழமை சமையலும் கிரிக்கெட்டும் ஊர்ச் செய்தியும் அதன் முன்னால்தான். ஒருத்தருக்கு விசா கேன்சல் ஆகி செட்டில்மென்ட் வாங்கிக் கிளம்பும்போது, மற்றவர்கள் பங்கைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்வார். அங்கேயே விற்றால் ஒன்றும் தேறாது, விட்டுவிட்டு வர மனசும் வராது. இரண்டாவது காரணம் விலை. ஐக்கிய அரபு அமீரகத்தில் டிவிக்கு வாட் வரி 5 சதவீதம். நம் நாட்டில் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு 2025 செப்டம்பர் 21 வரை ஜிஎஸ்டி 28 சதவீதம், அதன் பிறகுதான் 18 ஆனது. வருடக்கணக்காக இந்த வித்தியாசம் இருந்தது, அதைப் பார்த்து ஒரு தொழிலாளி கணக்குப் போட்டால் அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது, சொல்லாமலே புரியும். வருடக்கணக்கில் வெயிலில் நின்றவன் வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைய விரும்ப மாட்டான்.

சரி, அந்த ஆசைக்கு அரசாங்கம் என்ன விலை வைத்திருக்கிறது என்று பார்ப்போம். 2013 ஆகஸ்ட் வரை, 35,000 ரூபாய் மதிப்புள்ள சாமான்களை வரியில்லாமல் கொண்டுவரலாம், டிவியும் அந்தக் கணக்குக்குள் வரும். அந்த மாதம் ரூபாய் மதிப்பு மளமளவென்று சரிந்தது, 28-ஆம் தேதி ஒரு டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. அந்த நெருக்கடியில் எடுத்த நடவடிக்கைகளில் ஒன்றாக, ஆகஸ்ட் 26 முதல் எல்சிடி, எல்இடி, பிளாஸ்மா டிவிகளை மட்டும் வரிவிலக்கிலிருந்து நீக்கினார்கள். அவசரத்துக்குச் செய்தது என்று நாங்கள் நினைத்தோம். 2016-இல் பயணிகள் உடைமை விதிகளையே புதிதாக எழுதி, வரியில்லா வரம்பை 50,000 ரூபாய் ஆக்கினார்கள், 2026 பிப்ரவரியில் அது 75,000 ஆனது. தட்டை டிவியோ விலக்கில்லாத பட்டியலிலேயே கிடந்தது, அதுவும் துப்பாக்கி, தோட்டா, சிகரெட், மதுபானம், தங்கக் கட்டி இவற்றுக்குப் பக்கத்தில். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிற பொருளுக்கு அந்த வரிசையில் என்ன வேலை?

இதன் பலன் என்ன தெரியுமா? 50,000 ரூபாய் செல்போனை ஒருவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரி கட்ட எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்து போகலாம், வரி ஒரு பைசா கிடையாது. 18 வயது நிறைந்தவர் லேப்டாப் ஒன்றும் கொண்டுவரலாம், அதற்கும் வரி இல்லை, வரம்பிலும் சேராது. ஆனால் 20,000 ரூபாய் மதிப்புள்ள டிவிக்கு 35 சதவீத வரியும் அதன் மேல் கூடுதல் தீர்வையுமாக 38.5 சதவீதம், அதாவது 7,700 ரூபாய் கட்ட வேண்டும். அமீரகத்தில் அந்த நாட்டுப் பணம் 1,500 திர்ஹாமுக்கு வாங்கிய டிவி என்றால், திர்ஹாமுக்கு 24 ரூபாய் வைத்துக்கொண்டாலும் மதிப்பு 36,000, வரி 13,860. அங்கே சாரத்தில் ஏறி இறங்கும் தொழிலாளிக்கு இது பாதி மாதச் சம்பளத்துக்கும் மேல் வரலாம். பில் கையில் இருந்தாலும் அதில் உள்ள விலையை அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்ற நிச்சயம் இல்லை. ரூமில் நாலு வருடம் ஓடிய டிவிக்கு எந்தக் கணக்கில் மதிப்புப் போடுவார்கள் என்பது அந்த நேரத்தில் மேசைக்குப் பின்னால் இருக்கிறவரைப் பொறுத்தது. பேரம் பேசத் தெரிந்தவன் தப்பிக்கிறான், பேசத் தெரியாதவன் கட்டுகிறான். கூட வரும் மனைவியின் வரம்பையும் தன் வரம்பையும் சேர்த்துக் காட்டலாமா என்று சிலர் கேட்பார்கள், அதற்கும் விதியில் இடமில்லை.

2024-25 நிதியாண்டில் வெளிநாட்டு இந்தியர்கள் நாட்டுக்கு அனுப்பிய பணம் 13,500 கோடி டாலருக்கும் அதிகம். அந்நியச் செலாவணியைக் காப்பாற்றத்தான் இந்த வரி என்றால், அந்தச் செலாவணியை அனுப்பி வைத்தவனிடமே அதை வசூலிப்பது எப்படி நியாயம்? வரும் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்: குறைந்தது ஒரு வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்புகிறவர், ஒரு டிவியைப் பொது வரம்புக்குள் கொண்டுவரலாம் என்று. வியாபாரத்துக்காக வாரம் ஒருமுறை பறக்கிறவர்களை இது தொடாது, பாஸ்போர்ட்டில் இருக்கும் முத்திரையே யார் தொழிலாளி, யார் குருவி என்று காட்டிவிடும்.

வரி ஒரு பக்கம். என் வயிற்றெரிச்சல் இன்னொன்றில்தான் அதிகம். வரியையும் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து பிளக்கைச் சொருகினால் திரையில் சிலந்தி வலை மாதிரி விரிசல்! இதை என் கடையில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

எப்படி உடைகிறது என்று சொல்கிறேன், தொழில்காரன் என்ற முறையில். பழைய பிக்சர் டியூப் டிவி எவ்வளவு கனமோ அவ்வளவு முரடு, விமானத்தில் உருட்டிக் கொண்டுவந்தாலும் பெரும்பாலும் வேலை செய்தது. இன்றைய பேனல், அதாவது தட்டைத் திரை, அப்படி இல்லை. அரை மில்லிமீட்டர் அளவுக்கே கனமுள்ள இரண்டு கண்ணாடித் தாள்களை ஒட்டியதுதான் அது. நிமிர்த்தி வைத்தால் தாங்கும். படுக்க வைத்தால் நடுப்பகுதி தன் எடையிலேயே லேசாகத் தொய்ந்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அதிரும். அதன் மேல் 30 கிலோ சூட்கேஸ் ஒன்று ஏறினால் கதை முடிந்தது. கண்ணாடி உடையாவிட்டாலும், பேனல் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ரிப்பன் மாதிரியான மின் இணைப்பு விட்டுப்போய் மேலிருந்து கீழாகக் கோடு விழும். டிவியைப் போடாமல் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே பல நேரம் தெரியாது. அட்டைப்பெட்டி புத்தம் புதிதாக, ஒரு மூலைகூட நசுங்காமல் இருக்கும், உள்ளே பேனல் போயிருக்கும். மாற்றலாமா என்றால், அந்த நாட்டு மாடலுக்கு இங்கே பேனல் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் அந்தச் செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புது டிவியே வாங்கிவிடலாம். அங்கே வாங்கிய பொருளுக்கு வாரண்டியும் பொதுவாக இங்கே செல்லாது.

விமானத்தின் வயிற்றுக்குள் இதற்கு இடம் இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. பல விமான நிறுவனங்கள் ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. 43 அங்குல டிவியின் திரை மட்டுமே 95 சென்டிமீட்டர் நீளம், 53 சென்டிமீட்டர் உயரம், தெர்மோகோலும் அட்டையும் சேர்ந்தால் வரம்பைத் தாண்டிவிடும். 55 அங்குலம் என்றால் திரையே 122-க்கு 68. எடை 20 கிலோவுக்குள் இருந்தாலும் அளவுக்காகத் தனிக் கட்டணம் கேட்கலாம், அல்லது எடுக்கவே மாட்டோம் என்று சொல்லலாம். வளைகுடாவிலிருந்து திருச்சி போன்ற ஊர்களுக்கு வருபவை பெரும்பாலும் போயிங் 737, ஏர்பஸ் ஏ320 மாதிரியான நடுத்தர விமானங்கள். 737-இன் அடிப்பக்கச் சரக்குக் கதவின் உயரம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர்தான், உள்ளே ஆட்கள் மண்டியிட்டுக் கையால் அடுக்க வேண்டும். 65 அங்குல டிவியின் திரையே 81 சென்டிமீட்டர் உயரம், பெட்டியோடு அதை நிமிர்த்தி நுழைப்பது நடக்காத காரியம். அடுக்குகிற தொழிலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை, வெக்கையில் குனிந்தபடி நிமிடக் கணக்கில் நூற்றுக்கணக்கான பெட்டிகளை ஏற்றுகிறவர் அவர். இது படுக்கப் போகும், இதன் மேல் சாமான் விழும் என்று தெரிந்தே கவுண்டரில் பணம் வாங்கிக்கொண்டு ஏற்கிறார்களே, கேள்வி அவர்களிடம்தான்.

ஏற்கும்போதே ஒரு சீட்டு நீட்டுவார்கள். உடைந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதில் கையெழுத்து. பின்னால் வரிசை நிற்கும், விமானத்துக்கு நேரம் ஆகும், அவன் என்ன செய்வான், போட்டுக் கொடுப்பான்.

என் பெரியப்பா மகன் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சாரம் கட்டும் வேலையில் இருந்தான். விசா முடிந்து வரும்போது 50 அங்குல டிவி ஒன்றைக் கொண்டுவந்தான். ரூம்காரர்கள் பழைய கம்பளியைச் சுற்றி, பிரவுன் டேப் ஒரு சுருள் முழுக்க ஒட்டி, நாலு பக்கமும் மார்க்கரில் பெயரும் போன் நம்பரும் எழுதி, மேலே போக வேண்டிய பக்கத்துக்கு அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். தமிழ்நாட்டு விமான நிலையம் ஒன்றில் இறங்கி, மற்ற பெட்டிகள் வந்து வெகுநேரம் கழித்து இது தனியாக வந்தது, அம்புக்குறி பக்கவாட்டில் பார்த்தபடி. இவன் ஒழுங்காக, வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொன்னான். மதிப்புப் போட்டார்கள், வரி கட்டினான், ரசீது வாங்கினான். பெட்டியைப் பிரித்துப் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறான், இங்கே அதற்கெல்லாம் வசதி இல்லை, நகருங்கள் தம்பி என்றார்களாம். வேன் பிடித்து ஊருக்கு வந்து, அவன் அம்மா பக்கத்தில் நிற்க நான்தான் டேப்பை அறுத்தேன். பிளக்கைப் போட்டதும் இடது மேல் மூலையிலிருந்து கறுப்பு மை கசிந்த மாதிரி ஒரு திட்டு, அதிலிருந்து நாலைந்து விரிசல் திரை முழுக்க ஓடியது. பெட்டியில் ஒரு கீறல் இல்லை. நிறுவனத்துக்கு எழுதினோம். விமான நிலையத்தை விட்டு வெளியே போகும்போது நீங்கள் புகார் எதுவும் கொடுக்கவில்லையே, வழியில் வேனில் உடைந்திருக்கலாமே என்று பதில் வந்தது. அவன் கையெழுத்துப் போட்ட சீட்டின் நகலையும் இணைத்திருந்தார்கள். உடைந்த டிவிக்குக் கட்டிய வரி ரசீது இன்னும் அவன் பர்ஸில் இருக்கிறது.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். சர்வதேச விமானப் பயணத்துக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. இந்தியா 2009-இல் சேர்ந்தது, வளைகுடா நாடுகள் ஆறும் அதில் இருக்கின்றன, சிங்கப்பூரும் மலேசியாவும்கூட. அதன்படி, ஒப்படைத்த பெட்டி நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது சேதமானால் இழப்பீடு தர வேண்டும். பொருளின் உள்ளார்ந்த குறையாலோ தன்மையாலோ ஏற்பட்ட சேதம் என்றால் அந்த அளவுக்கு விலக்கு உண்டு. உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் குறையாது. முக்கியமான இடம் 26-ஆவது பிரிவு. நிறுவனத்தை இந்தப் பொறுப்பிலிருந்து கழற்றிவிடும் எந்த நிபந்தனையும் செல்லாது என்று அது சொல்கிறது. உடைந்தால் கேட்க மாட்டேன் என்று கவுண்டரில் வாங்கும் கையெழுத்தை நீட்டி, அதோடு வாயை மூடிக்கொள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பேக்கிங் சரியில்லை, பொருளே அப்படிப்பட்டது என்று அவர்கள் வாதாடலாம், அது வேறு விஷயம். சேதத்தை எழுத்து மூலம் சொல்ல 7 நாள் அவகாசம், வழக்குப் போட 2 வருடம். குடியிருக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம்கூட இல்லை.

ஆனால் அதே உடன்படிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. புகார் இல்லாமல் பெட்டியைப் பெற்றுக்கொண்டால், அது நல்ல நிலையில்தான் ஒப்படைக்கப்பட்டது என்று முதல் நோக்கில் எடுத்துக்கொள்வார்கள். மாற்றி நிரூபிக்க வேண்டியது நம் பாடு. என் தம்பி மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். போட்டுப் பார்க்காமல் தெரியாத சேதத்தை, போட்டுப் பார்க்க வழியே இல்லாத இடத்தில் நின்று எப்படிப் புகார் சொல்வது? வரியிலும் இதே சிக்கல். 1962-ஆம் வருட சுங்கச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, இறக்குவதற்கு முன்போ இறக்கும்போதோ சேதமான பொருளுக்கு வரியைக் குறைக்க இடம் கொடுக்கிறது. கவுண்டரைத் தாண்டும் முன்பே சேதம் தெரிந்திருந்தால் வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். உரிமையெல்லாம் தாளில் இருக்கிறது, அதைப் பயன்படுத்த ஒரு பிளக் பாயிண்ட் இல்லை.

வரியைக் குறைப்பது டெல்லியில் முடிவாக வேண்டிய விஷயம், அதற்குக் காலம் பிடிக்கும், சரி. ஆனால் இதற்கு எந்தச் சட்டத்தையும் மாற்ற வேண்டாம். சென்னை, திருச்சி, மதுரை, கோவை நாலு விமான நிலையங்களிலும் பெட்டி எடுக்கும் இடத்துக்கும் சுங்க கவுண்டருக்கும் நடுவில் ஒரு மேசை போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. எங்கள் ஊர் டிவி கடைகளில் பில் போடும் முன்பு செட்டைப் போட்டுக் காட்டித்தான் கொடுக்கிறார்கள், அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. கேபிள் இணைப்பு வேண்டாம், ஆன்டெனா வேண்டாம். டிவியைப் போட்டதும் வரும் லோகோவும் மெனுவும் போதும், விரிசல் இருந்தாலும் கோடு இருந்தாலும் அதிலேயே தெரிந்துவிடும். உடைந்திருந்தால் அங்கேயே நிறுவனத்தின் ஆளைக் கூப்பிட்டுப் புகார்ப் படிவம் எழுதி வாங்கலாம், அதைக் காட்டிச் சுங்கத்தில் மதிப்பைக் குறைக்கச் சொல்லலாம். நன்றாக இருந்தால் வரியைக் கட்டிவிட்டுப் போகலாம், அதன் பிறகு வேனில் உடைந்தால் யாரும் விமான நிறுவனத்தைக் குற்றம் சொல்லப் போவதில்லை. நிறுவனங்களுக்கும் இது நல்லதுதானே!

அதுவரை ஊருக்குக் கிளம்பும் தம்பிகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். டிக்கெட் போடும்போதே பெட்டியின் அளவைச் சொல்லி, எடுப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், போனில் சொன்னது கவுண்டரில் எடுபடாது. கம்பெனிப் பெட்டியும் தெர்மோகோலும் இல்லாமல் டிவியை விமானத்தில் ஏற்றாதீர்கள், கம்பளி எத்தனை சுற்றினாலும் அதற்கு ஈடாகாது. கட்டுவதற்கு முன் டிவி ஓடுவதை வீடியோ எடுங்கள், கவுண்டரில் ஒப்படைக்கும்போது பெட்டியைப் படம் எடுங்கள். வந்து இறங்கியதும் பெட்டியில் சின்ன நசுங்கல் இருந்தாலும் வெளியே போகாமல் அங்கேயே புகார் எழுதுங்கள். நசுங்கலே இல்லாவிட்டாலும் அன்று இரவே பிரித்துப் பாருங்கள், விருந்தாளிகள் வந்து போகட்டும் என்று பத்து நாள் ஓரமாக வைத்தால் 7 நாள் கெடு போய்விடும். சவூதியிலிருந்து வருகிறவர்கள் டிவியோடு வாஷிங் மெஷினும் கட்டுகிறார்கள், அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டிவிக்கு அது பிரச்சினை இல்லை, பல மோட்டார் சாமான்களுக்குப் பிரச்சினை, அதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

விமான நிலைய அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் அந்த மேசைக்கு என்னென்ன வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன். 65 அங்குலம்வரை தாங்க ஒன்றே முக்கால் மீட்டர் நீளம், மேலே ஒரு ரப்பர் விரிப்பு, நம் ஊர் உருண்டைப் பின்னும் வளைகுடாவின் சதுரப் பின்னும் ஏற்கும் சாக்கெட் இரண்டு, பெட்டியை அறுக்க ஒரு கத்தி, திரும்ப ஒட்ட ஒரு சுருள் டேப். பக்கத்துச் சுவரில் புகார்ப் படிவம் எங்கே கிடைக்கும் என்று தமிழில் ஒரு அறிவிப்பு. கத்தியை வெளியில் வைக்கப் பாதுகாப்புப் பிரிவு சம்மதிக்காவிட்டால் சுங்க மேசையிலேயே இருக்கட்டும், கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக் ஒருவர்,
பட்டுக்கோட்டை.